தாடை எலும்பு வாசித்தவன்

1

ரொட்டிக் கடைக்கு வெளியே இருக்கும் விளக்குக் கம்பத்தில் என் மகனின் முகம் ஒட்டியிருந்தது.

நான் வேலைக்குப் போகிற வழி அது. மெக்சிகோவில், குவாதலஹாரா நகரத்தில், பல வருடங்களாக அதே தெருவில்தான் நடக்கிறேன். மக்காச்சோள ரொட்டி சுடும் அந்தக் கடையின் அனலைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். வழி நெடுக உள்ள கம்பங்களில் எப்போதும் முகங்கள் இருக்கும். எல்லோரும் காணாமல் போனவர்கள். பெரும்பாலும் இளவட்டப் பையன்கள், சில கல்லூரிப் பெண்கள், எப்போதாவது தொப்பி போட்ட ஒரு நடுவயதுக்காரர். மேலே பெரிய எழுத்தில் 'இவரைப் பார்த்தீர்களா?' என்று இருக்கும். மழையில் ஊறி, வெயிலில் வெளுத்து, ஒருவர் முகத்தின் மேல் இன்னொருவர் முகமாக ஒட்டிக்கொண்டே போவார்கள். வந்த புதிதில் நின்று படிப்பேன். பிறகு, தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் டியூஷன் சென்டர் விளம்பரங்களைக் கடப்பதுபோலக் கடக்கப் பழகிவிட்டேன்.

அன்று பசை இன்னும் காயவில்லை. போட்டோவில் ஜோயல் சிரித்துக்கொண்டிருந்தான். பெயர், வயது, உயரம், இடது புருவத்தில் தழும்பு என்று எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். கடைசியாகப் பார்த்தது இசைக்குழு ஒத்திகை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியபோது என்று இருந்தது.

என் மகன் காணாமல் போகவில்லை. அந்த நேரத்தில் அவன் சேலையூரில் என் அக்கா வீட்டில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான். அவனை அங்கே ஒளித்து வைத்தவர்கள் நானும் என் கணவரும்தான்.

2

என் பெயர் ஜெசிந்தா. கிழக்குத் தாம்பரத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சாம் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய சாஃப்ட்வேர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். இங்கே 'ஜெ'யை 'ஹ' போலச் சொல்வார்கள். நான் ஹசிந்தா ஆனேன். அது இங்கே பழங்காலத்துப் பெண்களின் பெயராம். அதனால் போனில் என் குரலை மட்டும் கேட்டவர்கள், நேரில் பார்க்கும்போது யாரையோ தேடுவதுபோல எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

ஜோயல் பிறந்ததைப் பதிவு செய்யப் போனபோது அலுவலகத்தில் இருந்த பெண் இரண்டு குடும்பப் பெயர்கள் கேட்டாள். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் என்று சாம் விளக்கினார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கிண்டல் எதுவும் இல்லாமல் கேட்டாள்: "அப்படியென்றால் உங்கள் ஊரில் ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

நாங்கள் சிரித்தோம். எங்கள் ஊரில் ஒரு ஆளைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்? நான் காலேஜுக்குக் கிளம்பினால் தெருமுனைக்குப் போவதற்குள் நாலு பேர் "எங்கம்மா கெளம்பிட்ட?" என்று கேட்பார்கள். சப்வேயில் மழைத் தண்ணீர் தேங்கி, சுற்றிக்கொண்டு வீடு வந்தால், நான் எந்தப் பக்கமாகச் சுற்றினேன் என்பது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருக்கும். அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் இத்தனை தூரம் வந்தேன். யாரும் எதுவும் கேட்காத ஊர் முதலில் சொர்க்கமாக இருந்தது.

இரண்டு தாத்தாக்களின் பெயரையும் போட்டு, ஜோயல் செல்வராஜ் தேவசகாயம் என்று பதிவு செய்தோம். இந்த ஊர் அவனை ஹோயெல் என்று கூப்பிட்டது. அவனும் ஹோயெலாகவே வளர்ந்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஸ்பானிஷில் பதில் சொல்வான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் புத்தகத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேன். பன்னிரண்டு வயதில் அதையும் மூடி வைத்துவிட்டான்.

பள்ளிக்கூடம் முடிக்கிற வருடம் ஒரு இசைக்குழுவில் சேர்ந்தான். குழுவின் பெயருக்கு 'எலும்பின் குரல்' என்று அர்த்தம். நாலு பேர். பாட்டு ஹிப்-ஹாப்தான், ஆனால் கம்ப்யூட்டர் தாளத்துக்கு அடியில் இந்த நாட்டின் கடற்கரைக் கிராமங்களின் வாத்தியங்களை வைத்திருந்தார்கள். ஹரானா என்கிற சின்ன கிட்டார், ஏறி நின்று குதிகாலால் தாளம் தட்டுகிற மரப்பலகை, அப்புறம் ஒரு கழுதையின் தாடை எலும்பு. உண்மையான எலும்பு. காய வைத்தால் பற்கள் அவற்றின் குழிகளில் தளர்ந்து ஆடும். பக்கத்தில் கையால் குத்தினால் பற்கள் எல்லாம் சேர்ந்து கடகடவென்று நடுங்கும். ஜோயல் வாசித்தது அதைத்தான். அவன் முதல் தடவை வீட்டில் வாசித்தபோது, யாருக்கோ குளிரில் பற்கள் தந்தியடிப்பதுபோல இருந்தது. வெளியே போய் வாசி என்றேன்.

பாடியவள் மரிசோல். அவனைவிட இரண்டு வயது மூத்தவள், ஒல்லியான பெண். அவளுடைய அண்ணன் இவான் ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவள் எழுதுகிற பாட்டெல்லாம் அதைப் பற்றித்தான். ஒரு பாட்டில், ஊருக்குத் தெற்கே பூட்டிக் கிடக்கும் ஒரு பண்ணை வீட்டைப் பார்த்து, 'மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இறங்குகிறதே, எந்தச் சுவருக்கு?' என்று கேட்டாள். புதைத்த உடல்களின் மேல் கொட்டுவது சுண்ணாம்பு என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த வரி முடிந்ததும் வேறு சத்தமே இல்லாமல் ஜோயலின் எலும்பு மட்டும் நடுங்கும். அந்தப் பாட்டு பரவியது. பஸ்ஸில் பையன்கள் முணுமுணுத்தார்கள்.

3

ஒரு சனிக்கிழமை மத்தியானம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்றார். தெருவில் ஒரு வெள்ளை வண்டி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் சர்ச் கமிட்டிக்காரர் மாதிரி மரியாதையான முகம்.

"திருமதி ஹசிந்தா? உங்கள் மகனின் ரசிகன் நான். அந்தத் தாடை எலும்பை எவ்வளவு அழகாக வாசிக்கிறான்."

நன்றி என்றேன்.

"அவனுடைய தாடையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, ரோஜா நன்றாகப் பூத்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அவர் எந்தக் கடத்தல் கும்பலின் ஆள் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். 'அவர்கள்' என்பார்கள், அவ்வளவுதான். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தேன். தொட்டி நிரம்பி என் செருப்பு நனைந்த பிறகுதான் உள்ளே போனேன்.

அந்த வாரமே சாம் ஜோயலைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். அவனுடைய போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது, குழுவுக்கும் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினோம். சொன்னால் அவர்களுக்கும் ஆபத்து என்றோம். அவன் பயந்திருந்தான், அதனால் ஒப்புக்கொண்டான். சென்னை ஏர்போர்ட்டில் அவனுடைய வெளிநாடுவாழ் இந்தியர் அட்டையில் முன்பல் விழுந்த ஆறு வயதுப் போட்டோ இருந்ததாம். அதிகாரி அட்டையையும் ஆறடிப் பையனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாயைத் திறந்து காட்டுப்பா" என்றாராம். சாம் இதைப் போனில் சொன்னபோது நான் சிரிக்க முயற்சி செய்தேன். ஒரு வாரத்தில் அவர் மட்டும் வேலைக்குத் திரும்பி வந்தார்.

4

எஸ்தர் அக்கா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா இறந்த பிறகு சேலையூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஜோயலை எடுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தினமும் வாட்ஸாப்பில் குரல் செய்தி வரும்.

"மூணு தோசைக்கு மேல சாப்ட மாட்டேங்கறான். சாப்பாட்டு மேஜைல தாளம் போட்டுகிட்டே இருக்கான். ஏர்ஃபோர்ஸ் ப்ளேன் போனா ஓடிப்போய் ஜன்னல்ல நிக்கறான். யாரையாவது எதிர்பார்க்கறானாடி?"

சில வாரங்கள் போன பிறகு புகார் வேறு மாதிரி ஆனது.

"ஏய் ஜெசி, உன் புள்ள கடை கடையா சுத்தி இன்னா இன்னாவோ கத்துகினு வந்திருக்கான். காலைல எழுந்து 'பெரிம்மா, தோச கீதா'ங்கறான். நம்ம வூட்ல யாருடி இப்படிப் பேசுவாங்க?" என்றவள் நிறுத்தி, "பாரு, எனக்கே ஒட்டிகிச்சு" என்றாள்.

எனக்கு சந்தோஷமாக இருந்தது. பதினெட்டு வருடங்கள் நான் சொல்லிக் கொடுத்து வராத தமிழ், பஸ் ஸ்டாண்டில் வந்துவிட்டது. அவன் பத்திரமாக இருக்கிறான், எல்லாம் அடங்கிவிடும் என்று நம்ப ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில்தான் கம்பத்தில் அந்த முகம்.

5

வேலைக்குப் போகவில்லை. போஸ்டரில் இருந்த எண் மரிசோலின் அம்மாவுடையது. அவர் பெயர் லூப்பே. இங்கே மரியாதைக்கு தோன்யா லூப்பே என்பார்கள். ஊரின் கிழக்குக் கோடியில், பள்ளத்தாக்கின் விளிம்பில் வீடு. நான் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுவரில் நீளமான இரும்புக் கம்பிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

அந்தக் கம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்கள் இங்கே கூட்டமாகச் சேர்ந்து தாங்களே தேடுகிறார்கள். மண் கிளறியதுபோலத் தெரிகிற இடத்தில் கம்பியை ஆழமாக இறக்கி, உருவி, நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். கீழே உடல் இருந்தால் கம்பி சொல்லிவிடும்.

என்னைப் பார்த்ததும் லூப்பே எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்து தட்டியும் நீங்கள் திறக்கவில்லை, இன்னும் இங்கே வரவும் இல்லையே என்று மரிசோல் கோபப்பட்டாள். நான்தான் சொன்னேன், முதல் மாதம் அம்மாக்களால் கதவைத் திறந்து வெளியே வரவே முடியாது, எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று. பயப்படாதீர்கள். உங்கள் பையனுக்காக மூன்று இடத்தில் பார்த்துவிட்டோம். நேற்றுகூடக் கம்பி இறக்கினோம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் நல்லதுதான்."

அவர் உள்ளங்கைகளில் புதுக் கொப்புளங்கள் இருந்தன. என் மகனைத் தேடியதால் வந்த கொப்புளங்கள்.

சொன்னேன். ஊர் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. என் கையை விட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்து, பூட்ஸைக் கையில் எடுத்து, வைத்துவிட்டார்.

"உயிரோடு இருக்கிறானா?"

"இருக்கிறான்."

"குரலைக் கேட்க வேண்டும்."

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். லூப்பே போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டார். ஜோயல் என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் மட்டும், "சொல்லு, இன்னும் ஏதாவது சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "அந்தப் போஸ்டர்களை நீங்களே கிழியுங்கள். எங்களுக்கு ஒட்டித்தான் பழக்கம்."

அன்று சாயங்காலம் வரை நானும் மரிசோலும் தெருத் தெருவாகக் கிழித்தோம். அவள் கடைசி வரை தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே நடந்தாள்.

6

அதன் பிறகு அவனைச் சத்தியத்தில் கட்டி வைக்க எனக்கு வாய் இல்லை. அக்காவின் பழைய போனிலிருந்து குழுவோடு பேசினான். புதுப் பாட்டு ஒன்று வெளியானது. ஆரம்பத்திலேயே, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு. அடுத்து ஊர் பெயர், மின்சார ரயில் கிளம்பும் இரைச்சல், அதற்கு மேல் ஜோயலின் குரல். முதல் முறையாக அவனே பாடியிருந்தான், பாதி ஸ்பானிஷ், பாதி அந்தக் கடைத்தெருத் தமிழ். பல நாளாகக் கேட்காமல் இருந்த ரயில் சத்தம். கேட்ட நிமிஷம் எனக்கு அழுகை வந்தது. என்ன காரியம் செய்துவிட்டான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பாட்டு வந்த வாரத்திலேயே என் போனுக்கு ஒரு செய்தி. தெரியாத எண். ஸ்பானிஷில், அதே மரியாதையான நடையில்:

'தாம்பரத்தில் இப்போது கடுமையான வெயிலாமே, திருமதி ஹசிந்தா? பையனை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.'

"அவ்ளோ தூரமெல்லாம் எவனும் போக மாட்டான், சும்மா மெரட்டறாங்க" என்றார் சாம். சொல்லிக்கொண்டே எனக்கு டிக்கெட் தேடினார்.

குவாதலஹாராவிலேயே போலீஸில் புகார் கொடுக்கப் போனோம். பையன் இந்தியாவில் இருக்கிறான் என்றால் இங்கே எதைப் பதிவு செய்வது என்று கேட்டார்கள். நான் சேலையூருக்கு வந்த பிறகு அக்காவும் நானும் இந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். செய்தியை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"இதுல மெரட்டல் எங்கம்மா இருக்கு? தண்ணி குடிக்கச் சொல்லிருக்காங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எழுதுவதற்கு ஒரு வாக்கியம் தேடினார், அவருக்கும் கிடைக்கவில்லை.

அக்கா வெளியே வந்ததும், "வரட்டும், எவன் வரான்னு பாக்கறேன்" என்றாள். வீட்டுக்குப் போனதும் ஜோயலின் கட்டிலைத் தெருப்பக்க அறையிலிருந்து உள்ளறைக்கு நகர்த்தினாள். மின்விசிறி அங்கே சரியாக ஓடும் என்று காரணம் சொன்னாள். கேட்டுக்குப் பகலிலும் பூட்டு வந்தது. ஒரு கால் டாக்சி வாசலில் நின்றால் மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அது கிளம்புகிற வரை தட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.

7

ஜோயலிடம் கேட்டேன். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். தூரத்தில் திருநீர்மலைக் குன்று வெயிலில் கலங்கித் தெரிந்தது.

"அந்த அனௌன்ஸ்மென்ட்டை ஏன்டா போட்ட? தெரிஞ்சுதானே போட்ட?"

"தெரிஞ்சுதாம்மா." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டான். "நான் உயிரோட கீறேன்னு மட்டும் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அங்க எல்லா அம்மாவுக்கும் அப்டிதான் போன் வரும். உன் புள்ள நல்லா கீறான், தேடாதன்னு. எங்கன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க."

மேற்கொண்டு தமிழில் அவனுக்கு வரவில்லை. ஸ்பானிஷில், நிதானமாகச் சொன்னான்: "அவர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை அம்மா. என்னைக் காணாமல் போக வைத்தது நீங்கள். தோன்யா லூப்பே எனக்காக மண்ணை முகர்ந்து பார்த்திருக்கிறார்."

நான் அடுத்த துணியை உதறினேன். துணி தீர்ந்த பிறகும் இரண்டு பேரும் கொடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம்.

அந்த வாரம் லூப்பேயே கூப்பிட்டார். மரிசோலின் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது என்றார். தினமும் அதே ஆள், அவள் பஸ் ஏறுகிறவரை நின்றுவிட்டுப் போகிறான்.

"உங்கள் அக்கா வீட்டில் இன்னொருத்திக்கு இடம் இருக்குமா?"

அந்தச் செய்திக்குப் பிறகு சேலையூரும் பாதுகாப்பில்லை என்று சொன்னேன். இருந்தாலும் அவர்களிடமிருந்து தூரம் என்றார். அக்காவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "பொம்பளப் புள்ளன்னா என் ரூம்ல படுத்துக்கட்டும். காரம் சாப்பிடுமா?"

மரிசோல் சுற்றுலா விசாவில் வந்தாள். லூப்பே வரவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

8

அதன் பிறகு எங்கள் காலை ஒரு ஒழுங்குக்கு வந்தது. அங்கே சாயங்காலம் தேடிவிட்டுத் திரும்பியதும் லூப்பே குரல் செய்தி அனுப்புவார். இங்கே அப்போது காலைக் காபி நேரம். மரிசோல் போனை மேஜை நடுவில் வைப்பாள். இன்று எந்தப் பக்கம் போனோம், எத்தனை பேர் வந்தார்கள், ஒன்றும் இல்லை. எப்போதும் கடைசி வார்த்தை அதுதான். அக்காவுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்று முழுக்கக் கேட்பாள். முடிந்ததும் "பாவம்" என்பாள். மரிசோல் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு, தானும் "பாவம்" என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை வந்த செய்தி மிகவும் சின்னது. லூப்பேயின் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. மரிசோல் ஒரு தடவை கேட்டாள். மறுபடியும் போட்டுக் கேட்டாள். கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தெரியாததுபோல வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா சொல்றாங்க?" என்றாள் அக்கா.

ஜோயல் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "அவங்க அண்ணன் கெடச்சிட்டாராம், பெரிம்மா."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அக்கா கண்ணை மூடி இரண்டு கையையும் தூக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை மாதம் அந்தக் குரலைக் கேட்டு அவளும் காத்திருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்தவள் மரிசோலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். கைகள் அப்படியே மெதுவாகக் கீழே இறங்கின.

யாரும் பாட்டில் பாடாத ஏதோ ஒரு வயலில், மண்ணுக்கடியில் மற்றவர்களோடு இவான் கிடந்திருக்கிறான். அவனுடைய பெல்ட்டை வைத்து அடையாளம் சொன்னார் லூப்பே.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மரிசோல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தாள். தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, தமிழில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். மரிசோல் அதையெல்லாம் புரிந்தவள்போலக் கேட்டாள்.

அடக்கத்துக்கு அவள் போகத்தான் வேண்டும். ஜோயலும் போகிறேன் என்றான். அந்தக் கல்லறைத் தோட்ட வாசலில் யாராவது நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகாதே என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கேம்ப் ரோட்டில் இருக்கும் டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்து மூன்று டிக்கெட் கேட்டேன். சாமுக்குச் சொன்னேன். அவர் எந்த ஃப்ளைட் என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை பெட்டிகளை வாசலுக்குக் கொண்டு வந்தோம். அக்கா கேட்டின் பூட்டைத் திறந்துவிட்டாள். வண்டி வந்து நின்றது. எதிர்வீட்டு அம்மாள் பால்கனியில் துணியைப் பிழிந்துகொண்டே குரல் கொடுத்தாள்.

"எங்கம்மா ஜெசி, எல்லாரும் பொட்டியோட கெளம்பிட்டீங்க?"

ஜோயல் என்னைப் பார்த்தான். நான் நின்று, எந்த நாடு, எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய வீட்டுச் சாவுக்குப் போகிறோம் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.